ஊர் 'வேண்டாம்' என்றது... ஸ்டேடியம் எப்படி வந்தது? செயின்ட் லூயிஸ் சொல்லும் கால்பந்துக் கணக்கு!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது அந்த வளைவைத்தான். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 630 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது 'கேட்வே ஆர்ச்'. 1965-ல் முழு வடிவம் பெற்ற எஃகு வளைவு. அதன் வயிற்றுக்குள் ஓடும் குட்டி டிராமில் ஏறி உச்சிக்குப் போய், ஆற்றையும் ஊரையும் பார்த்துவிட்டு இறங்கினால், பெரும்பாலானவர்களின் செயின்ட் லூயிஸ் பயணம் முடிந்துவிடும்.

ஆனால், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடந்தால்தான் இந்த ஊரின் சுவாரஸ்யமான கதை தொடங்குகிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நேராக நடந்தால் கோட்டை போன்ற ஒரு கட்டடம் வரும். 1894-ல் திறக்கப்பட்ட யூனியன் ஸ்டேஷன். ஒருகாலத்தில் நாட்டின் பெரிய ரயில் நிலையங்களில் ஒன்று. 1978-க்குப் பிறகு இங்கு ரயில் வருவதில்லை. இப்போது ஹோட்டல், மீன் காட்சியகம், ராட்சத ராட்டினம் என விடுமுறைக்கு வரும் குடும்பங்களால் நிறைந்திருக்கிறது.

அதைத் தாண்டி இன்னும் சில நிமிடங்கள் நடந்தால், தெருவோடு தெருவாக நிற்கிறது 22,500 பேர் அமரும் கால்பந்து ஸ்டேடியம். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரியதாகத் தெரியாது. காரணம், விளையாடும் புல்தரை தெரு மட்டத்துக்கு 40 அடி கீழே இருக்கிறது. வாசலுக்குள் நுழைந்ததும் பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல மைதானம் விரியும். செயின்ட் லூயிஸ் சிட்டி அணியின் சொந்த மைதானம் இது. 'சிட்டி பார்க்' என்ற பெயரில் 2022-ல் திறக்கப்பட்டு, 2025 முதல் 'எனர்ஜைசர் பார்க்' ஆகியிருக்கிறது.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இந்த ஸ்டேடியத்துக்குப் பணம் தர முடியாது என்று இந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டவர்கள். ஓட்டில் தோற்ற ஸ்டேடியம் அடுத்த ஐந்தாண்டுகளில் எழுந்து நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது?

சூடு கண்ட பூனை

அதற்கு முன், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஸ்டேடியத்தைப் பார்த்துவிட வேண்டும். மாநாட்டு மையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கூரை போட்ட பிரமாண்டமான 'டோம்'.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டை. நம்முடைய கால்பந்து அவர்களுக்கு 'சாக்கர்'. அந்த அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் அணியை ஊருக்கு இழுத்து வருவதற்காகக் கட்டப்பட்ட இந்த டோம் 1995-ல் திறக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ராம்ஸ் என்ற அணி வந்து சேர்ந்தது. கட்டியது முழுக்க முழுக்க மக்கள் பணத்தில். மாநில அரசு ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், நகரம் 60 லட்சம், பக்கத்து கவுண்டி 60 லட்சம் எனத் தவணை கட்ட ஒப்புக்கொண்டன. கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. டோம் நாட்டின் சிறந்த ஸ்டேடியங்களில் முதல் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அணி வெளியேறலாம். புதிது புதிதாக ஸ்டேடியங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது நடக்கிற காரியமா? டோமைப் புதுப்பிக்க சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்ற நிலை வந்தது. அணியைத் தக்கவைக்க ஆற்றங்கரையில் இன்னொரு ஸ்டேடியம் கட்டலாம், அதற்கும் மக்கள் பணம் தரலாம் என்று திட்டம் போட்டார்கள். பலிக்கவில்லை. 2016 ஜனவரியில் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பிப் போக அனுமதி கிடைத்தது.

அணி போய்விட்டது. கடன் தவணை போகவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு வாடகை கட்டுவதுபோல, அணி இல்லாத டோமுக்கு மக்கள் தொடர்ந்து பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே நாளில் இரண்டு பதில்கள்

அந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்த கோரிக்கை வந்தது. 'மேஜர் லீக் சாக்கர்' புதிய அணிகளைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. 2017 ஜனவரி இறுதிக்குள் 12 நகரங்கள் விண்ணப்பித்தன. செயின்ட் லூயிஸும் அதில் ஒன்று. யூனியன் ஸ்டேஷனுக்கு மேற்கே ஸ்டேடியம் கட்டலாம் என முதலீட்டாளர் குழு ஒன்று முன்வந்தது. மாநில அரசின் வரிச் சலுகையும் நகரத்தின் பணமும் தங்களுக்கு வேண்டும் என்றது அந்தக் குழு.

மாநிலப் பக்கம் கதவு உடனே மூடிக்கொண்டது. அப்போது புதிதாகத் தேர்வாகியிருந்த ஆளுநர் எரிக் கிரெய்ட்டன்ஸ் (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் போல), இது பணக்காரர்களுக்குக் கொடுக்கும் நலத்திட்ட உதவி என்று சொல்லி எதிர்த்தார்.

மிச்சம் இருந்தது நகரம். 6 கோடி டாலர் தர வேண்டும். நம் பணத்தில் 500 கோடி ரூபாய்க்கும் மேல். அதை மக்களிடமே கேட்டுவிடலாம் என்று 2017 ஏப்ரல் 4 அன்று, மேயர் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு வைத்தார்கள்.

வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது: விற்பனை வரியை அரை சதவிகிதம் கூட்டி, மெட்ரோலிங்க் ரயில் பாதையை நீட்டிக்கவும், பின்தங்கிய பகுதிகளை மேம்படுத்தவும், பாதுகாப்புக்கும் செலவழிக்கலாமா? இரண்டாவது: விற்பனை வரி கூடினால், வெளி மாநிலங்களிலிருந்து பொருள் வாங்கும் வணிக நிறுவனங்கள் கட்டும் இன்னொரு வரியும் தானாகவே கூடும்; அப்படி வரும் பணத்தை ஸ்டேடியத்துக்குக் கொடுக்கலாமா?

முதல் கேள்விக்கு மக்கள் 'சரி' என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு சுமார் 53 சதவிகிதம் பேர் 'முடியாது' என்றார்கள்.

அந்தப் பதிலை நிதானமாகப் பார்க்க வேண்டும். இது வரி கட்டவே மனமில்லாத ஊர் இல்லை. ரயிலுக்கு வரி கட்டத் தயார் என்று அதே நாளில், அதே சீட்டில் சொன்னவர்கள் அவர்கள். ஸ்டேடியத்துக்குத்தான் இல்லை என்றார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரம், 1876-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, சுற்றியுள்ள கவுண்டியிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. சுற்று வட்டாரம் முழுவதையும் சேர்த்தால் சுமார் 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அப்போது நகர எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர்தான். 1950-ல் அது 8.5 லட்சத்துக்கும் மேல்! மக்கள் புறநகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட, வடக்குப் பகுதியில் வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்து கிடக்கின்றன. ஆட்டம் பார்க்க 28 லட்சம் பேரும் வரலாம். வரிச்சுமை மட்டும் 3 லட்சம் பேர் தலையிலா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது.

கால்பந்து அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது!

'அப்படியானால் இந்த ஊருக்குக் கால்பந்து பிடிக்காதோ?' என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே கால்பந்து ஆழமாக வேர்விட்ட ஊர்களில் ஒன்று செயின்ட் லூயிஸ்.

ஊரின் தென்மேற்கில் 'தி ஹில்' என்ற இத்தாலியர் குடியிருப்பு இருக்கிறது. தீயணைப்புக் குழாய்களில்கூட இத்தாலியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பைப் பூசியிருப்பார்கள். இங்கே போனால் பொரித்த ரவியோலியைச் சாப்பிடாமல் வரக்கூடாது. உள்ளே இறைச்சி வைத்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து, தக்காளிச் சாறோடு கொடுப்பார்கள். நம்மூர் சமோசா பிரியர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஹொரிசோண்டே நகரில் இங்கிலாந்தை 1-0 என்று அமெரிக்கா தோற்கடித்தது. கால்பந்து வரலாற்றின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. அந்த ஆட்டத்தில் இறங்கிய 11 பேரில் ஐந்து பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். அவர்களில் நான்கு பேர் 'தி ஹில்' பையன்கள். கோல் கீப்பர் ஃபிராங்க் போர்கி, சவ ஊர்தி ஓட்டிப் பிழைத்தவர். தடுப்பாட்டக்காரர் ஹாரி கியோ, தபால்காரர்.

இப்படிப்பட்ட ஊரே ஸ்டேடியத்துக்கு 'முடியாது' என்றதுதான் லீக் நிர்வாகிகளுக்கு அதிர்ச்சி. விளையாட்டின் மேல் இருக்கும் பாசமும் வரிப்பணத்தின் மேல் இருக்கும் அக்கறையும் வேறு வேறு என்று அந்த ஊர் பிரித்துப் பார்த்தது.

'முடியாது' என்றதும் என்ன நடந்தது?

ஓட்டெடுப்பு நேரத்தில் எல்லா ஊர்களிலும் ஒரே குரல்தான் கேட்கும்: 'பணம் தராவிட்டால் அணி வராது!' செயின்ட் லூயிஸிலும் அதுதான் கேட்டது. வாக்கெடுப்பு தோற்றதும் முதல் குழு பின்வாங்கியது. அணி கிடைக்கும் வாய்ப்பு மங்கியது.

ஆனால், 2018 அக்டோபரில் காட்சி மாறியது. கார் வாடகைக்கு விடும் 'என்டர்பிரைஸ்' நிறுவனத்தின் சொந்தக்காரர்களான டெய்லர் குடும்பமும், முதல் குழுவிலும் இருந்த தொழிலதிபர் ஜிம் கவனாவும் சேர்ந்து புதிதாக முன்வந்தார்கள். டெய்லர் குடும்பத்திலிருந்து முன்னால் நின்றவர், என்டர்பிரைஸைத் தொடங்கிய ஜாக் டெய்லரின் பேத்தி கேரலின் கிண்டில். மேஜர் லீக் சாக்கரில் பெண்கள் பெரும்பான்மையாக இருந்து நடத்தும் முதல் அணி என்ற பெருமை இதற்கு உண்டு. ஸ்டேடியத்தைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டுகிறோம் என்றார்கள். 2019 ஆகஸ்ட் 20-ல் செயின்ட் லூயிஸுக்கு அணி கிடைத்தது. வளாகம் முழுவதற்கும் ஆன செலவு 45 கோடி டாலருக்கும் மேல்.

ஆக, மக்கள் 'முடியாது' என்றதால் அணி வராமல் போகவில்லை. யார் பணம் போடுவது என்பதுதான் மாறியது.

அப்படியானால் மக்கள் பணமே இல்லையா?

இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது மட்டும் உதவி இல்லை. வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதும் உதவிதான்.

புதிய திட்டத்துக்கு நகர மன்றம் சில சலுகைகளைக் கொடுத்தது. சொத்து வரியில் சலுகை. டிக்கெட் மீதான 5 சதவிகிதக் கேளிக்கை வரியில் பாதி மட்டும் நகரத்துக்கு. ஸ்டேடிய வளாகத்தில் விற்கும் பொருள்களுக்குக் கூடுதலாக ஒரு விற்பனை வரி. அந்தப் பணம் திட்டச் செலவுக்கே திரும்பும். இவை எதற்கும் மக்களிடம் தனியாக ஓட்டு கேட்கவில்லை. உறுப்பினர்கள் மன்றத்தில் கை தூக்கியே முடிவெடுத்தார்கள். மாநில அரசிடம் கேட்ட 3 கோடி டாலர் வரிச் சலுகை மட்டும் கிடைக்கவில்லை. பின்னர் அதைவிட மிகச் சிறிய தொகையே கிடைத்தது.

'இது சரியா?' என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது.

ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது. ஸ்டேடியம் வந்த நிலத்தின் பெரும்பகுதி, நெடுஞ்சாலைத் துறை வைத்திருந்த இடம். முழுதாகக் கட்டி முடிக்கப்படாத நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்றின் ஏறு இறங்கு சாலைகள் பெரிய பள்ளத்தில் சும்மா கிடந்தன. அங்கிருந்து ஒரு டாலர்கூட வரி வரவில்லை. வராத வரியை விட்டுக்கொடுப்பதில் என்ன நஷ்டம்? போதாததற்கு, நகர எல்லைக்குள் சம்பாதிக்கும் எவரும் ஒரு சதவிகிதம் வருமான வரி கட்ட வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கும் ஆட்டக்காரர்களும் கட்டுவார்கள்.

எதிர்த்தவர்கள் வேறு கணக்கைக் காட்டினார்கள். அமெரிக்காவில் சொத்து வரியின் பெரும்பங்கு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. ஊரின் மையத்தில் எது கட்டினாலும் சலுகை, சலுகை என்று கொடுத்தால் பள்ளிகளுக்கு யார் பணம் தருவது? ஸ்டேடியத்தில் ஒரு குடும்பம் செலவழிக்கும் பணம், அவர்கள் அதே ஊரில் சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ செலவழித்திருக்கக்கூடிய பணம்தானே? ஸ்டேடியங்களுக்குக் கொடுக்கும் மானியம் ஊருக்கு லாபமாகத் திரும்புவது அரிது என்று பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலானவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்வதும் இதைத்தான்.

புல்தரைக்கு அடியில் ஓர் ஊர்

ஸ்டேடியத்தைச் சுற்றி வரும்போது மணல் கடிகார வடிவத்தில், கல்லால் ஆன தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 'பில்லர்ஸ் ஆஃப் தி வேலி' என்று பெயர். செயின்ட் லூயிஸ் கலைஞர் டேமன் டேவிஸ் உருவாக்கி, 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஆட்டம் பார்க்க ஓடும் அவசரத்தில் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். நின்று படிக்க வேண்டிய இடம் இது.

இந்த இடத்திலிருந்து மேற்கே கிராண்ட் அவென்யூ வரை, 454 ஏக்கரில் 'மில் கிரீக் வேலி' என்ற குடியிருப்பு இருந்தது. சுமார் 20,000 பேர். ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின மக்கள். தேவாலயங்கள், கடைகள், இசைக்கூடங்கள், முடிதிருத்தும் நிலையங்கள் என்று உயிரோட்டமான ஊர். சிறுமியாக இருந்தபோது ஜோசஃபின் பேக்கர் வளர்ந்த வட்டாரம் இது. பின்னாளில் பாரிஸையே கலக்கிய நடன நட்சத்திரம் அவர்.

இந்தக் குடியிருப்புக்கு விளையாட்டு மைதானமும் இருந்தது. கறுப்பினத்தவரைப் பெரிய லீக்குகளில் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்கள் தனியாக நடத்திய பேஸ்பால் லீக்கில் ஆடிய 'செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸ்' அணியின் மைதானம், மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் காம்ப்டன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் 1922-ல் திறக்கப்பட்டது. 1928, 1930, 1931 என மூன்று முறை சாம்பியன் ஆன அணி அது.

வீடுகள் பழையவை, பல வீடுகளுக்குள் குழாய்த் தண்ணீரோ கழிப்பறையோ இல்லை என்று சொல்லி, முழுக் குடியிருப்பையும் இடிக்க நகரம் முடிவெடுத்தது. பணம்? 1955-ல் நகர மக்கள் வாக்களித்து அனுமதித்த 11 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தில் இதற்கும் ஒதுக்கீடு இருந்தது. 1959 பிப்ரவரியில் இடிக்கத் தொடங்கினார்கள். 5,000-க்கும் மேற்பட்ட வீடுகள், 40-க்கும் மேற்பட்ட தேவாலயங்கள், நூற்றுக்கணக்கான கடைகள் தரைமட்டம் ஆயின. நெடுஞ்சாலை குறுக்கே ஓடியது. பல ஆண்டுகள் வெறும் மண்மேடாகக் கிடந்ததால், 'ஹிரோஷிமா ஃபிளாட்ஸ்' என்று ஊரே அதற்குப் பட்டப்பெயர் வைத்தது. அங்கிருந்தவர்களில் பலர் நகரத்தின் வடக்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆளில்லாத வீடுகள் இன்று அதிகம் இருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

'வரியே வராத சும்மா கிடந்த நிலம்' என்ற வாதத்தை இந்தத் தூண்களுக்கு அருகில் நின்று யோசித்துப் பார்த்தால், கணக்கு வேறு மாதிரி தெரியும். அந்த நிலம் தானாகச் சும்மா ஆகிவிடவில்லை. 20,000 பேர் வரி கட்டி வாழ்ந்த நிலத்தை, மக்கள் பணத்தைச் செலவழித்துத்தான் சும்மா ஆக்கினார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது?

ஆட்ட நாளில் மார்க்கெட் ஸ்ட்ரீட் சிவப்பாகிவிடும். அணியின் சட்டை நிறம் அது. 2023 பிப்ரவரியில் லீக்கில் காலடி வைத்த அணி, முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்று சாதனை படைத்தது. அந்த ஆண்டு மேற்குப் பிரிவில் முதலிடமும் அதற்குத்தான். ஸ்டேடியத்துக்குள் உணவு விற்பவர்களும் உள்ளூர் உணவகக்காரர்கள். கூட்டம், கொண்டாட்டம், பக்கத்துத் தெருக்களில் புது வெளிச்சம் எல்லாம் உண்மை. அதேசமயம், வீட்டு மைதானத்தில் ஆண்டுக்குச் சுமார் இருபது ஆட்டங்கள்தான். மற்ற நாள்களில் அந்தத் தெருக்களில் எவ்வளவு நடமாட்டம் இருக்கிறது என்பதில்தான், ஸ்டேடியம் ஊரை மாற்றியதா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ராம்ஸ் கதைக்கும் ஒரு முடிவு வந்தது. அணியை இடம் மாற்றியதில் விதிமீறல் நடந்தது என்று நகரமும் கவுண்டியும் 2017-ல் வழக்குப் போட்டன. 2021 நவம்பரில் லீக்கும் ராம்ஸ் உரிமையாளரும் 79 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். வழக்கறிஞர் கட்டணம் போக, நகரத்தின் பங்காகச் சுமார் 25 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஊரே ஆண்டுக்கணக்கில் பேசியது. 2025 மே 16-ல் வடக்குப் பகுதியைச் சூறாவளி தாக்கியபோது, அந்த நிதி ஈட்டிய வட்டியிலிருந்து 3 கோடி டாலரை நிவாரணத்துக்கு எடுத்தார்கள். ஸ்டேடியத்தால் ஊர் இழந்த பணத்தில் கொஞ்சம், கடைசியில் வீடு இழந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

போகிறவர்களுக்கு...

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோலிங்க் ரயில் இருக்கிறது. யூனியன் ஸ்டேஷன் நிறுத்தத்தில் இறங்கினால் ஸ்டேடியத்துக்கு நடந்தே போகலாம். லீக் பிப்ரவரி இறுதியில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடக்கும். கோடையில் வெயிலும் புழுக்கமும் சென்னையை நினைவூட்டும் என்பதால், ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் நல்லது. மதியம் 'தி ஹில்' பகுதியில் சாப்பிட்டுவிட்டு, மாலை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு வந்துவிடுங்கள். வாசல் திறக்கும்வரை, அந்தக் கல் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க நேரம் சரியாக இருக்கும்.